யாரும் கொட்டாத மலை

எங்கள் கேங்கில் எட்டுப் பெண்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் மூன்று பிளாக்குகளின் ரோடு எங்களுடையது. காலை ஆறு மணிக்குக் கூட்ட ஆரம்பித்தால் இரண்டு மணிக்கு முடியும். காண்ட்ராக்ட் வேலை. எட்டுப் பேருமே வேன் ஏறி வெளியூர் போனவர்கள்தான். போன இடமெல்லாம் கோயில். விரதம் இருந்து, செருப்பில்லாமல் நடந்து, ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று, ஒரு நிமிஷம் சாமியைப் பார்த்து, வீட்டுக்கு வந்த கையோடு உலை வைப்போம். மறுநாள் ஆறு மணிக்குக் கையில் துடைப்பம். அதற்குப் பெயர் டூர்.

சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அதுவும் ஒரு வேலை. இதை வாய்விட்டுச் சொல்வதற்குள் எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது.

வீராயி அக்கா இந்த மாசக் கடைசியோடு வேலையிலிருந்து நிற்கிறாள். வயது அறுபது முடிகிறது. முட்டி இரண்டும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"யக்கா, நீ நிக்கறதுக்கு முன்னாடி எல்லாருமா ஒரு எடத்துக்குப் போயிட்டு வரலாம். எங்க போவணும், சொல்லு."

"எந்தக் கோயிலுடி?"

"கோயிலு இல்ல. சும்மா."

"சும்மாவா?"

அவள் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது. அறுபது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மலை பாக்கணும்டி, சரிதா."

"அதான் தெனம் பாத்துகினு இருக்கியே," என்று தனம் மரங்களுக்கு மேலே தெரிந்த மண்மேட்டைக் காட்டினாள்.

"அது மலையாடி? பள்ளத்துல வெட்டுன மண்ண பெல்ட்டுல கொண்டாந்து கொட்டுனது. கொட்டும்போதே நான் நின்னு பாத்தவ. யாரும் கொட்டாத மலை ஒண்ணப் பாக்கணும்."

நெய்வேலியில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். எங்கள் தரை தட்டை. மேடு என்றால் நிலக்கரிச் சுரங்கத்து மண்ணைக் கொட்டிய இடம், பள்ளம் என்றால் அந்த மண்ணை எடுத்த இடம். இரண்டுமே ஷிப்டு போட்டுச் செய்தவை.

வீராயி அக்கா வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. காந்திமதிக்கு எட்டு மணிவரை தூங்கி, படுத்த இடத்துக்குக் காபி வரவேண்டும். அகிலாவுக்குப் போட், அதுவும் அவளே காலால் மிதிக்கிற போட். தனத்துக்கு ஆட்டுக்கறிச் சோறு. இன்னொருத்தர் ஆக்கி, இன்னொருத்தர் பரிமாறி, இன்னொருத்தர் தட்டைக் கழுவவேண்டும். அபி சின்னப் பெண், அவளுக்குப் போட்டோ. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வரும் ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல் சீட்டு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாமாம்.

வடலூரில் வேன் வைத்திருக்கும் பிரவின்குமாரிடம் போனேன். கடைச் சுவரில் வழவழப்பான நோட்டீஸ்: ஆன்மிகச் சுற்றுலா, குடும்பச் சுற்றுலா, தேனிலவு, கல்லூரி மாணவர்.

"நீங்க எந்தப் பார்ட்டிக்கா?"

"தொடப்பக்கட்ட பார்ட்டி. அதுக்கு என்னா வச்சிருக்கற?"

அவன் தலையைச் சொறிந்தான். நான் எல்லாருடைய ஆசையையும் சொன்னேன். விரல் விட்டு எண்ணினான். "மலை, ஏரி, போட்டு, கறி, தூக்கம். ஏற்காடுதான்க்கா. ரெண்டு நாளு. மேல சேர்வராயன் கோயிலு கூட இருக்கு. வூட்ல அதச் சொல்லிக்குங்க. பிரச்சினையே இல்ல."

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் சூப்பர்வைசர் சின்னதுரை கெட்டவர் இல்லை. எட்டுப் பேருக்கும் சனி, ஞாயிறு சேர்த்து லீவு என்றதும் முதலில் கேட்டது, "எந்தக் கோயிலு?"

"கோயிலு இல்ல சார். மலை பாக்க."

"இந்தாம்மா, கோயிலுன்னு ஒரு வார்த்த எழுதிக் குடு, கண்ண மூடிகினு கையெழுத்துப் போடறேன். சாமி காரியத்துக்குக் குறுக்க நிப்பனா? மலையாம், போட்டாம்! எட்டுப் பேரும் போயிட்டா ரோட்ட நானா கூட்டறது?"

"கோயிலுக்குப் போனா மட்டும் சாமி வந்து கூட்டுதா சார்?"

சிரித்தார். கையெழுத்துப் போடவில்லை.

ஒரு வார்த்தைதானே, எழுதிவிடு என்று கேங்கில் சிலர் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் குமரவேலும் அதையே சொன்னார். காந்திமதி எங்களைக் கேட்காமலே வீட்டில் கோயில் என்று சொல்லிவிட்டாள். அவள் மாமியார் அன்றைக்கே ஒரு தேங்காயை மஞ்சள் தடவிக் கொடுத்து, வீட்டுக்கு விலக்கான நாளில் ஒருத்தியும் வேன் ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் டீ நேரத்தில் காந்திமதி அதைச் சொன்னாள். சாமி பேரைச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் திரும்பினால் குற்றம். அகிலா விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப நான் வரல. அன்னிக்கு எனக்கு மூணாவது நாளு."

"நாளு தள்ளிப்போற மாத்தர போட்டுக்கடி," என்றாள் தனம்.

"போன தடவ போட்டு ரெண்டு மாசம் பட்டேன். நீ போட்டுக்க. நான் வரல."

"கறியும் திங்க முடியாது, தெரியுமா?" என்றாள் அபி. தனத்தின் முகம் விழுந்தது.

"செருப்பக் கழட்டச் சொல்லுவாங்க," என்றாள் வீராயி அக்கா. "செருப்பு இல்லாம என்னால பத்து அடி வைக்க முடியாது. நானும் வரல. நீங்க போயிட்டு வாங்க."

ஒரு வார்த்தை. அதை எழுதினால் அகிலா இல்லை, கறி இல்லை. யாருக்காகப் போகிறோமோ அவளும் இல்லை. எழுதமாட்டேன் என்றேன். "அப்ப டூரே கெடையாதா?" என்று காந்திமதி கத்தினாள். மாசம் முடியப் பத்து நாள்தான் இருந்தது.

அன்று மீதி நேரம் முழுக்க ரோட்டைக் கூட்டிக்கொண்டே யோசித்தேன். சின்னதுரை கையில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: ரோட்டை யார் கூட்டுவது? அதை எடுத்துவிட்டால் அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்குத் துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பக்கத்து கேங்குக்குப் போனேன். அங்கே ஒன்பது பேர், சத்யா தலைவி மாதிரி. வாய் கொஞ்சம் நீளம்.

"ரெண்டு நாளு எங்க ரோட்டையும் சேத்துக் கூட்டுங்க."

"உங்க ரோட்ட நாங்க எதுக்குடி கூட்டணும்? நீங்க ஜாலியா போவீங்க, நாங்க இங்க குனியணுமா?"

"அடுத்த மாசம் நீங்க போங்க. உங்க ரோட்ட நாங்க கூட்டறோம்."

"எங்க போவறது?"

"அத நீதான் சொல்லணும்."

அந்த நீள வாய் அப்படியே நின்றது. வீராயி அக்காவின் முகத்தில் பார்த்த அதே பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "கடலு மேல ரயிலு போவுதாமே பாம்பன்ல. அதுல ஒக்காந்து போவணும்."

"ராமேஸ்வரம் கோயிலுக்கா?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

"கோயிலு இல்லடி, ரயிலு! அந்தாண்ட எறங்கி, டீ குடிச்சிட்டு, அடுத்த ரயில்ல திரும்பிடுவேன்."

பதினேழு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் காலை மஸ்டரில் ஆஜர் எடுக்கும் நேரத்தில் அதைச் சின்னதுரையிடம் நீட்டினேன். லீவுக்கான காரணம்: மலை பார்க்க. கீழே, வேலை நிற்காது, இவர்கள் கூட்டுவார்கள் என்று ஒன்பது பெயர்.

இரண்டு தடவை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இத மேல காட்டுனா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் சார். ரோடு சுத்தமா இருந்தா போதும்ல?"

பேனாவை எடுத்தார். கையெழுத்து விழுந்தது. தாளைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார், "ஏற்காட்டுல நெஜமாவே குளிருமா?"

"போயிட்டு வந்து சொல்றேன் சார்."

பின்னால் பதினாறு துடைப்பங்கள் தரையில் தட்டிய சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

சனிக்கிழமை விடியலில் வேன் வந்தது. முன்கண்ணாடியில் எந்தச் சாமி படமும் இல்லாமல் வண்டி எடுத்துப் பழக்கமில்லை என்றான் பிரவின்குமார். அபி ஒரு சார்ட் தாளில் பெரிதாக எழுதி ஒட்டினாள்: மலை பார்க்கப் போகிறோம். காந்திமதி மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"என்னாடி சொன்னாங்க?"

"பத்து நிமிசம் திட்டுனாங்க. அப்புறம், அந்தத் தேங்காய என்னா பண்ணப் போறன்னு கேட்டாங்க."

"என்னா பண்ண?"

தூக்குவாளியைத் திறந்தாள். சட்னி. விருத்தாசலம் தாண்டுவதற்குள் எட்டுப் பேரும் இட்லிக்குத் தொட்டு வழித்துவிட்டோம்.

சின்னசேலம் தாண்டியதும் நீலமாக ஒன்று தெரிந்தது. வீராயி அக்கா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சேலத்திலிருந்து மேலே ஏற இருபது வளைவு. ஓரகத்திகள் இருவரும் வாந்தி எடுத்தார்கள், ஆளுக்கொரு ஜன்னலில். ஆசைப்பட்ட சீட்டு பயன்பட்டது என்று தனம் சிரித்தாள். மேலே காற்று ஜில்லென்றது. அகிலா ஏரியில் போட்டை அரை மணி நேரம் மிதித்தாள். மூன்றாவது நாள் என்பதை ஏரி கேட்கவில்லை. தனம் கறிச்சோறு தின்றுவிட்டு, தட்டை எடுக்க வந்த ஆளின் கையையே பார்த்தாள். மறுநாள் எட்டரைக்குக் காந்திமதியின் கட்டிலுக்குக் காபி வந்தது. குடித்துவிட்டு மறுபடி படுத்தாள். அதை அபி போட்டோ எடுத்தாள்.

ஞாயிறு பத்து மணிக்கு வீராயி அக்காவைக் கைத்தாங்கலாக ஒரு பாறை முனைக்குக் கூட்டிப்போனோம். செருப்போடு. படிக்குப் படி நின்றாள். நடுவில் திரும்பிவிடலாமா என்று நான்தான் கேட்டேன். "வாய மூடுடி," என்றாள். உச்சியில் பாறையைக் கையால் தடவினாள். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள், கொட்டிய மண்ணா கல்லா என்று சோதிக்கிறவள் மாதிரி. கீழே சேலம் தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கிடந்தது.

"யாரும் கொட்டல," என்றாள். "இது தானா இருக்குது."

அங்கே ஒரு பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "எந்தக் கோயிலுக்கு வந்தீங்க?"

"கோயிலுக்கு இல்லம்மா. மலையப் பாக்க," என்றாள் வீராயி அக்கா.

"இதையா?"

"இதையேதான். நீ எங்கனா டூர் போயிருக்கறியா?"

"போயிருக்கேனுங்க. மேல்மருவத்தூரு."

எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் போட்டோ எடுத்தவர்கள் திரும்பினார்கள். அவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பேர் தனகோடியாம்.

"எங்கயோ ஒரு எடத்துக்குப் போவணும்னா, எங்க போவே தனகோடி?"

அவள் துடைப்பத்தில் சாய்ந்து நின்றாள். நாங்கள் காத்திருந்தோம். அந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

"கடலுங்க," என்றாள்.

"கடலூரு எங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரம்," என்றாள் வீராயி அக்கா. வேலையை விட்டு நிற்கப்போகிறவள் குரலில் சூப்பர்வைசரின் அதட்டல் இருந்தது. "சரிதா, இவ நம்பர எழுதிக்கடி. சத்யா பாம்பன் போயிட்டு வந்ததும், அடுத்தது இவ."