ஒரு டேங்க், நிற்காமல்

அத்தான் ஒரு என்ஜினைப் பார்த்துச் 'செத்துப்போச்சு' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ரிமோட் வண்டி ஓட்டுகிற அந்தக் கூட்டத்தில் அவருக்குப் பெயரே 'காது'. நைட்ரோ எரிபொருளில் ஓடும் அந்தக் குட்டி என்ஜின் போடுகிற கூச்சலைக் கண்ணை மூடிக் கேட்டு, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசியை எந்தப் பக்கம் எவ்வளவு திருக வேண்டும் என்று சொல்வார். திருகி முடித்ததும் ஊசியின் தலையில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு வைப்பார். அது காய்ந்த பிறகு அந்த ஊசியை யாரும் தொடக்கூடாது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனால் தொட்டவனோடு அடுத்த வாரம் மைதானத்தில் பேச ஆள் இருக்காது.

அவருடைய மைத்துனி வாங்கிய பழைய டிரக்கிலும் அந்தச் சிவப்புச் சொட்டு இருந்தது.

மாற்றலாகிப் போன ஒரு பல் டாக்டரிடம் வாங்கினாள். முழங்கை நீள வண்டி, கொழுத்த நான்கு டயர், முகம் நசுங்கிய பாடி. கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். காது கிழியக் கத்தும். இரண்டு சுற்று பறக்கும். சூடு ஏறியதும் பொசுக்கென்று நின்றுவிடும். டாக்டர் மூன்று மாதம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார்.

"பிஸ்டன் ஓடுற ஸ்லீவ் தேஞ்சுபோச்சு. காம்ப்ரஷனே இல்ல," என்றார் அத்தான், வீட்டுக்கு வந்தவளிடம், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. "பின்பக்க கியர் பெட்டி மட்டும் நல்லா இருக்கு. அதை எனக்குக் குடுத்துடு."

"ஓடும் அத்தான்."

"ஓடினா ஞாயித்துக்கிழமை கொண்டா. ஒரு டேங்க், நிக்காம. நின்னுச்சுன்னா வண்டி எனக்கு. நீ அடுத்த சீசன் வரைக்கும் மைதானத்துப் பக்கம் வரக்கூடாது."

ஒரு டேங்க் எரிபொருள் தீரும்வரை நிற்காமல் ஓட்டுவது புதிதாக வருகிற எல்லாருக்கும் பொது விதி. மற்றதெல்லாம் அத்தான் அந்த நிமிடத்தில் சேர்த்துக்கொண்டது. அவள் சரி என்றாள்.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, அவர்தான் செத்துப்போச்சுன்னு சொல்றார்ல. உனக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"செத்துச்சான்னு நானே பாத்துக்கறேன்."

"நீ எதை முழுசாப் பாத்திருக்க, இதைப் பாக்க?"

அக்கா சொன்னதும் பொய்யில்லை. படிப்பைப் பாதியில் விட்டவள். பார்சல் கிடங்கின் இரவு ஷிப்டை, பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறியவள். இப்போது பஞ்சர் கடை. குடும்பத்தில் அவளுக்குப் 'பாதி' என்று பெயர் வைக்காதது ஒன்றுதான் குறை. இந்த வண்டியும் பாதியில் நின்றால் அதையும் வைத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை கடையில் கூட்டம் இல்லை. என்ஜினை வண்டியிலிருந்து கழற்றி, குளிர்ந்த நிலையிலேயே அதன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். பிஸ்டன் உச்சிக்குப் போனதும் சக்கரம் முரண்டு பிடித்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பித்தான் தாண்ட முடிந்தது. தேய்ந்த என்ஜின் இப்படி முறைக்காது. ஆக, அத்தான் சொன்னது தப்பு.

இன்னொன்றும் அவளுக்கு உறுத்தியது. ஓடும்போது ரிமோட்டின் விசையை விட்ட பிறகும் என்ஜின் உடனே அடங்காமல் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருந்தது. எரிபொருளோடு போக வேண்டிய அளவைவிட எங்கேயோ காற்று கூடுதலாகப் போகிறது. காற்று வழி தப்பிப் போனால் பஞ்சர் கடைக்காரிக்கு ஒரே ஒரு புத்திதான் வரும். புகைபோக்கி வழியைக் கார்க் வைத்து அடைத்தாள். எரிபொருள் வரும் முனையை அடைத்தாள். கார்புரேட்டர் வாயில் ஒரு குழாயை மாட்டி, என்ஜினை டியூப் முக்குகிற தொட்டியில் அப்படியே அமுக்கி, குழாயில் வாயை வைத்து ஊதினாள்.

கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் கழுத்திலிருந்து வரிசையாகக் குமிழி வந்தது. சோடா பாட்டில் திறந்த மாதிரி.

கழற்றினால், உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்த தோல் போலப் பொடிந்து விழுந்தது. இத்தனை மாதமும் ஊசியைத்தான் திருகியிருக்கிறார் அத்தான். ஒருவரும் கழுத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து அவளே ஒரு முட்டாள்தனம் செய்தாள். கையோடு கிடந்த பைக் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிப் போட்டாள். வண்டியில் மாட்டி, நின்று நின்று கால் மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி முக்கினால் குமிழி முன்னைவிட அதிகம். நைட்ரோ எரிபொருளைக் குடித்து அந்த ரப்பர் ஊறி, பிதுங்கி வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. டியூப் ரப்பர் காற்றைத்தான் தாங்கும் என்று அவளுக்குத் தெரியாதா. தெரியும். சோம்பேறித்தனம். தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, ஆயில் சீல் கடைக்குப் போய்ச் சரியான வளையம் வாங்கி வந்து, சூடு தாங்கும் பசையை மெல்லிசாகத் தடவி மாட்டினாள். பசை இறுக ஒரு நாள் வேண்டும். அதற்குள் ஸ்டார்ட் செய்து பார்க்க முடியாது. நேராக மைதானத்தில்தான்.

மிச்சம் இருந்தது ஊசி. பிளேடை எடுத்து அந்தச் சிவப்புச் சொட்டைச் சுரண்டினாள். காகிதத்தில் உதிர்ந்த துணுக்குகளை ஊதித் தள்ளினாள். பிறகு ஊசியை மெதுவாக மூடிக்கொண்டே சுற்றுகளை எண்ணினாள். ஒன்றே முக்கால் சுற்றில் அடியில் உட்கார்ந்துவிட்டது. வண்டியோடு வந்த கையேடு மூன்றரை என்கிறது. வேகமாகக் கத்த வேண்டும் என்பதற்காக என்ஜினைப் பாதிப் பட்டினி போட்டிருக்கிறார் அத்தான். போதாததற்குக் கழுத்தில் ஓட்டை. சூடேறிச் சாகாமல் என்ன செய்யும். ஊசியை மூன்றரைக்குத் திறந்து வைத்தாள்.

மூடிக் கிடந்த ஒரு மில்லின் லாரி நிறுத்துமிடம்தான் மைதானம். ஞாயிறு காலை பெயின்டர், தையல்காரர் என்று பத்துப் பேர் இருந்தார்கள். அத்தான் வண்டியைக் கையில் வாங்கியதும் முதலில் ஊசியைத்தான் பார்த்தார்.

"பூச்சைச் சுரண்டிட்டியா?"

"ஆமா அத்தான்."

"யாரைக் கேட்டு?"

"என் வண்டி."

சுற்றி நின்றவர்கள் தத்தம் வண்டிகளின் போல்ட்டை அவசரமாக இறுக்க ஆரம்பித்தார்கள்.

நான்காவது இழுப்பில் என்ஜின் பிடித்தது. நீலப் புகை இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. புகைபோக்கி எண்ணெயாகத் துப்பியது.

"கொசு மருந்து அடிக்க வந்திருக்காங்கப்பா, மூக்கைப் பொத்திக்குங்க," என்றார் பெயின்டர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உண்மையில் அப்படித்தான் இருந்தது.

சூடேற விட்டாள். பிறகு ஊசியைக் கடிகார முள் ஒரு மணி நகர்கிற அளவு மட்டும் இறுக்கி, ஒரு சுற்று ஓட்டி, மறுபடி ஒரு மணி. நின்ற இடத்தில் எரிபொருள் குழாயை விரலால் நசுக்கினாள். சத்தம் லேசாக ஏறி, மூன்று வினாடி கழித்து அடங்கப் பார்த்தது. பட்டினி இல்லை என்று அர்த்தம். விட்டாள். என்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தாள். சுர்ரென்று பறக்காமல், நிதானமாகக் கொதித்து வற்றியது. போதும்.

"டேங்க்கை நிரப்புங்க," என்றாள். தையல்காரர் விளிம்பு வரை ஊற்றி மூடி, கடிகாரத்தை அழுத்தினார்.

வண்டி ஓடியது. அழகாக ஓடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னால் புகை வால் இழுத்துக்கொண்டு, மூலைகளில் கனைத்துக்கொண்டு ஓடியது.

நான்காவது நிமிடத்தில் அத்தான் பக்கத்தில் வந்து நின்றார். "வண்டியா ஊர்வலமா இது? நிறுத்தாமலே ரெண்டு மணி இறுக்கலாம். நான் பிடிச்சுக்கறேன், நீ திருகு."

"வேணாம்."

"சத்தமே எழும்பல பாரு. கேக்கறவனுக்கு அவமானமா இருக்கு."

"கேக்காதீங்க."

பெயின்டர் தும்மினார். அவளுக்கும் கை அரித்தது. ஒரு மணி, ஒரே ஒரு மணி இறுக்கினால் இந்தச் சிரிப்பு நின்றுவிடும். என்ஜினும் நின்றுவிடலாம். ரிமோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எட்டு நிமிடம் தாண்டியதும் சத்தம் மாறியது. மெலிந்து, கூர்மையாகி, மேலே ஏறியது. வண்டி திடீரென்று பறந்தது. "அட, இப்பதான்யா ஓடுது," என்று ஒருவர் கைதட்டினார். அவளுக்குத்தான் காரணம் தெரிந்தது. டேங்க் காலியாகும்போது என்ஜினுக்குக் கிடைப்பது குறையும், கத்தல் கூடும். விசையைப் பாதியாகக் குறைத்து, மெதுவாக மூலையைத் திருப்பினாள். தூரத்து வளைவில் என்ஜின் ஒரு முறை கிறீச்சிட்டு அடங்கியது.

அமைதி.

"நின்னுபோச்சு," என்றார் அத்தான். குரலில் சந்தோஷம்கூட இல்லை, அவ்வளவு உறுதி. "எட்டு நிமிஷம் நாப்பது. சொன்னேன்ல, சூடானா செத்துடும்னு." வளைவுக்கு நடந்து போய் வண்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்பக்க கியர் பெட்டியின் மேல் அவர் விரல் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தது.

அவள் அவருக்கு முன்னால் போய் நின்றாள். "கீழ வைங்க அத்தான்."

"பேச்சுன்னா பேச்சு."

"ஒரு டேங்க்னுதான் பேச்சு. நிமிஷம் இல்ல. மூடியைத் திறந்து பாருங்க."

அத்தான் திறக்கவில்லை. தையல்காரர்தான் வண்டியை வாங்கி, மூடியைத் திறந்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். சட்டை காலரைத் தட்டுவது போல அடியில் இரண்டு தட்டு தட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"காலி. டேங்க் முடிஞ்சுதான் நின்னிருக்கு," என்றார். கொஞ்சம் தண்ணீரைத் தொட்டு என்ஜின் தலையில் வைத்தார். நிதானமாகக் கொதித்தது. "சூடும் ஏறல."

அத்தான் பூச்சு இல்லாத ஊசியின் தலையை விரலால் தடவினார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "கோளாறு எங்க இருந்துச்சு?" என்றார்.

"கார்புரேட்டர் கழுத்துல. வளையம் பொடிஞ்சு கிடந்துச்சு."

"நான் எத்தனை தடவை..."

"நீங்க சத்தத்தைத்தான் கேட்டீங்க அத்தான். பாக்கல."

பெயின்டர் தன் வண்டியைப் புரட்டி, கார்புரேட்டரின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் அதையே செய்தார்கள்.

அவள் எரிபொருள் பாட்டிலை எடுத்து மறுபடி ஊற்றினாள்.

"ஒரு டேங்க்தானேம்மா கேட்டோம். நீ பாஸ்," என்றார் தையல்காரர்.

"தெரியும்."

கயிற்றை இழுத்தாள். சூடான என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. அத்தான் இன்னும் பாதையின் நடுவில்தான் நின்றிருந்தார்.

"தள்ளி நில்லுங்க அத்தான்," என்றாள். அவர் தள்ளி நின்றார். வண்டி அதே ஊர்வல வேகத்தில், அதே புகையோடு அவரைக் கடந்து போனது.