தெய்வநாயகியின் கண் டாக்டர்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். தெய்வநாயகி பொருந்தத்தான் சொன்னாள். அதுவே வினையாகப் போயிற்று.

அறுபது தாண்டி, புருஷனும் போன பிறகு அவளுக்குத் தூக்கமே இல்லை. தறியில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். அரசாங்கம் கொடுத்த நெசவாளர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்தாள். தெருவில் கேட்டவர்களிடம், "கண்ணு காட்டிகினு வரேன்" என்றாள். மனசு டாக்டர் என்றால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிட்டுத்தானே ஆரணியில் அடுத்த வாய் காப்பி குடிப்பார்கள்!

மாத்திரையும் டாக்டரம்மாவின் பேச்சும் வேலை செய்தன. தூங்கினாள், வயிறாரச் சாப்பிட்டாள், ஒரு நாள் தறியில் உட்கார்ந்து பாட்டே பாடினாள். தெரு அசந்துபோனது.

"கண்ணு தெளிஞ்சதும் மூஞ்சியே மாறிடுச்சே! எங்களையும் இட்டுகினு போக்கா. எங்ககிட்டயும் கார்டு கீது" என்றாள் எதிர்வீட்டுச் செல்லம்மாள். அவள் காதில் விழுந்த சேதி போளூர் பஸ்ஸுக்கு முன்னால் போளூர் போய்ச் சேரும்.

அடுத்த முறை தெய்வநாயகியோடு அரைத் தெரு பஸ் ஏறியது. புளிச்சோறு, முறுக்கு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சிரிப்பு. அவளுக்கோ பயணத்தைத் தள்ளிப்போட வழியில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது. முன்பு ஒரு தடவை இடையில் விட்டு, மறுபடி விடிய விடிய விழித்துக் கிடந்தது அவளுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இடப்பக்கம் கண், வலப்பக்கம் மனநலம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வலப்பக்கம் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்து, கூட்டத்தோடு இடப்பக்க பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் எதிர்க்கதவு திறந்தது. "தெய்வநாயகி!" என்று நர்ஸ் கத்தினாள். மறுபடியும் கத்தினாள்.

போனால் மானம் போகும், போகாவிட்டால் தூக்கம் போகும். மானத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தால் தூக்கம் வருமா என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. எழுந்தாள்.

"என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. நான் பார்க்கறது மனசு டாக்டரு. அவங்களாலதான் பொழச்சேன். ஊரெல்லாம் சொல்லிக்கோங்க, போங்க!"

அவள் விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. செல்லம்மாள்!

"இன்னா, உள்ள வந்து ஒட்டுக் கேக்கணுமா?"

செல்லம்மாளின் குரல் ஆயுசில் முதல் முறையாகத் தணிந்து வந்தது. "எனக்கும் கண்ணு நல்லாத்தான் தெரியுதுக்கா. உன் சிரிப்பப் பார்த்துட்டுத்தான் வந்தேன். ராத்திரியானா ஒரே பேஜாரு, தூக்கமே இல்ல. அத மறக்கத்தான் பகலெல்லாம் அவ்ளோ பேசறேன்."

தெய்வநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. செல்லம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

இருவரும் வெளியே வந்தபோது, கண் பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் வலப்பக்கம் சீட்டைக் கொடுத்துவிட்டு, அங்கே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.