மகேந்திரனின் அலுப்பு

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு கோடை விழாவில், பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் ஏரிக்கரை வரை நடந்த ஓட்டப் பந்தயத்தில் ஓடியவன் வடகவுஞ்சி மகேந்திரன். மூச்சு வாங்கியது அவன் மனைவி இந்துவுக்கு. பிளாஸ்க்கில் காப்பியோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவள், பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சேலை நனைய வியர்த்தது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. முதலாவதாக வந்த மகேந்திரன், குளித்துவிட்டு வந்தவனைப் போல நின்று காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, "என்ன புள்ள, வெயில்ல நின்னியா?" என்று கேட்டான். அன்றைக்குக் கொடைக்கானலில் வெயிலே இல்லை.

இந்து பழனி அடிவாரத்துப் பெண். மகேந்திரன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வடகவுஞ்சியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. கல்யாணமான கையோடு இருவரும் பழனி மலையேறி முருகனைக் கும்பிட்டபோது, "இவங்க அலுப்பெல்லாம் எனக்கு வரட்டும்" என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பெண்டாட்டிமார் வாய்ப்பழக்கத்தில் சொல்கிற பேச்சுதான். சாமி அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டது? ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருவரும் ஒரே காரட் தோட்டத்தில் ஒன்றுபோலக் குனிந்து நிமிர்ந்தார்கள். சாயங்காலமானால் இருவருக்கும் ஒன்றுபோல இடுப்பு விட்டுப்போகும். அப்போதெல்லாம் தெரியாத வேண்டுதல் பந்தயத்தில் மட்டும் ஏன் பலித்தது என்று அவள் குழம்பினாள்.

ஒரு கோப்பை கிடைத்ததும் மகேந்திரனுக்கு ஓட்டப் பித்துப் பிடித்தது. கோயம்புத்தூர், மதுரை, நாகர்கோவில் என்று பந்தயம் நடக்கிற ஊருக்கெல்லாம் இந்துவையும் கூட்டிப் போனான். ஊர் சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆகும் என்பது அவன் கணக்கு. அவள் பார்த்ததெல்லாம் லாட்ஜ் மின்விசிறிகள்தான். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க அவன் கரையோரம் ஓடியபோது, அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் அதே சூரியனைச் சுவரில் பார்த்தாள். தோட்ட வேலைக்குப் போவதும் நின்றது. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். அவள் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து மகேந்திரனுக்குத் தூக்கம் போனது. அலுக்காத உடம்பு எப்படித் தூங்கும்? "ஓடுன மாதிரியே இல்ல புள்ள, எனக்கு ஒண்ணும் விளங்குதில்ல" என்பான். அலுக்காத உடம்பு செத்த உடம்பு என்று பயந்து, அலுப்பைத் தேடி இன்னும் தூரம் ஓடினான். அந்த அலுப்பும் அவளுக்கே வந்து சேர்ந்தது. அவள் வேண்டுதலைச் சொன்னபோது சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்; ஓட்டத்தை நிறுத்தவில்லை. அவன்மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போன அவன் முகத்தைப் பார்த்தால் அழுகையும் வந்தது. இன்னொரு பெரிய ஓட்டத்தைத் தன் நெஞ்சு தாங்காது என்று மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

இரண்டாயிரத்து ஏழில், ஓட்டமே இல்லாத ஒரு பயணம் போக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். தாண்டிக்குடியில் அவன் சித்தி வீரம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஏறியது ஊர்க்காரப் பையன் அருள்தாஸின் வாடகை ஜீப். தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு செங்குத்து ஏற்றத்தில் ஜீப்பின் அச்சு முறிந்தது. அருள்தாஸ் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தான். மகேந்திரன் ஷூ கயிற்றை இறுக்கினான்.

"கெதியா ஓடி மெக்கானிக்கக் கூட்டியாறேன்."

"நீங்க ஓடுனா நான் இங்கயே விழுந்துருவேன். அசையாம உக்காருங்க. நானே போயிட்டு வாரேன்" என்றாள் இந்து.

கால் வைத்ததுமே ஏதோ மாறியிருந்தது. ஏற்றம் ஏற்றமாகத் தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை. வேகமாக நடந்து பார்த்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியே பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. செத்துத்தான் போனோமோ என்று நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. தாண்டிக்குடி மெக்கானிக் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். குழம்பிய மனதோடு அவள் திரும்பி இறங்கி வந்தாள்.

மகேந்திரன் சக்கரத்தில் சாய்ந்து, சட்டை தொப்பலாக நனைந்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க ஏற ஏற இவருக்கு மூச்சு எரைச்சுது அக்கா. தண்ணி குடுத்தேன், குடிச்சிட்டுச் சாஞ்சுட்டாரு" என்று வண்டிக்கு அடியிலிருந்து அருள்தாஸ் சொன்னான்.

அவள் உலுக்கியதும் கண்ணைத் திறந்தான். "நித்திர வருது புள்ள" என்றான், புதையல் கிடைத்தவனாக.

"கல்யாணத்தன்னிக்கு மலையில சாமிகிட்ட நீங்க என்ன கேட்டீங்க?"

"ஒன் அலுப்பெல்லாம் எனக்கு வரட்டும்னு" என்று சொல்லி முடிப்பதற்குள் கண் மூடிக்கொண்டான்.

இந்துவுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. காரட் தோட்டத்தில் சரிக்குச் சரி வேலை செய்த காலத்தில் அவன் அலுப்பு அவளுக்கும் அவள் அலுப்பு அவனுக்குமாக மாறிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் இருவருக்கும் தெரியவில்லை. அவள் வேலையை விட்டுப் படுத்தாள், அவளிடமிருந்து அவனுக்கு வர வேண்டிய அலுப்பு வராமல் போனது. இத்தனை வருஷமாக இதை வாய் விட்டுச் சொல்லாதவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அவன் தலை சக்கரத்திலிருந்து சரிந்தது. பையிலிருந்து துண்டை எடுத்து மடித்து, அவன் தலைக்கு அணைவாக வைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஏற்றத்தை நோக்கி நடந்தாள்.

அருள்தாஸ் தலையை வெளியே நீட்டினான். "எங்கக்கா? அதான் மெக்கானிக்கு வாரேன்னுட்டாருல்ல?"

"இப்பத்தான் தூங்குறாரு. முழிச்சிரக் கூடாது. இன்னும் ரெண்டு வளைவு ஏறிட்டு வாரேன்."

அருள்தாஸ் தூங்குகிறவனை ஒருமுறை பார்த்தான். "அப்பப் பைய ஏறுங்கக்கா. வெரசா ஏறுனா அவருக்கு மூச்சு முட்டும்."

இந்து பைய ஏறினாள்.