மூன்றாவது ஆள்

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் வாசலில், ஊர்க்கூட்டத்துக்கு வந்த மக்கள் பூட்ஸ் சேற்றை உதறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றபடி டார்லீன் பெனாய்ட் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நம்மவர், எதிராளி, எந்தப் பக்கம் சாய்வார் என்று தெரியாதவர் என்று மூன்று ரகம். கார்விக் ஊரில் கால் நூற்றாண்டாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அத்துப்படி. அதனால்தான் இந்த வேலையை அவள் தலையில் கட்டினார்கள். அவளும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

வேலை, ஊர் ஆம்புலன்ஸைக் காப்பாற்ற ஓட்டுத் திரட்டுவது. ஊருக்குச் சொந்தமான ஆம்புலன்ஸை இழுத்து மூடிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஊரின் வண்டியை நம்பிக்கொள்ளலாம் என்று ஊர்க்குழு யோசனை சொல்லியிருந்தது. வரி குறையுமாம். குறையும்தான், அதை டார்லீனே மறுக்க மாட்டாள். ஆனால் அந்த வண்டி வந்து சேர முக்கால் மணி நேரமாகும், பனி கொட்டினால் அதற்கும் மேல். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவள் கணவர் கேரி சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, ஊர் வண்டி வந்து சேர்வதற்குள் கேத்தலில் வைத்த தண்ணீர்கூட ஆறவில்லை. வந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஆட்கள். அந்த வண்டி இல்லாவிட்டால் அடுத்த தடவை கேரி இல்லை. அவளுக்கு அதற்கு மேல் ஒரு வாதமும் தேவைப்படவில்லை.

ஊர்க்கூட்டத்தில் தபால் ஓட்டு கிடையாது. வாக்காளராகப் பதிந்தவர் நேரில் வர வேண்டும், எழுத்தர் தரும் ஆரஞ்சு அட்டையை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும், கேட்கும்போது தூக்க வேண்டும். வீட்டில் இருந்துகொண்டு ஆதரிப்பவர்களால் காலணாவுக்குப் பிரயோசனம் இல்லை. ஆகவே குளிர்காலம் முழுக்க அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பதியாதவர்களைப் பதிய வைத்தாள். கார் இல்லாதவர்களுக்குக் கார் பிடித்தாள். கைக்குழந்தைக்காரிகளுக்கு ஆயா ஏற்பாடு செய்தாள்.

பைக் ஹில் என்ற மேட்டுப் பகுதியில் மரம் வெட்டும் மெர்ல் ஸ்டானார்ட் ஒருவன்தான் மசியவில்லை. பட்டறைக்கு மேலே, செங்குத்தான குறுகல் படிகள் ஏறிப் போகும் ஓர் அறையில் தனியாகக் கிடப்பவன். ஆள் முன்னூறு பவுண்டு எடை இருப்பான். அவள் மூச்சிரைக்க ஏறிப்போனபோது ரம்பத்தின் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பேரைக் குடுத்தா கோர்ட்டுல ஜூரியா உக்காரக் கூப்பிடுவான், அதுக்குக் கூப்பிடுவான், இதுக்குக் கூப்பிடுவான். என்னை ஆளை விடு தாயே."

"ஒரே ஒரு நாள் மெர்ல். வந்து அட்டையத் தூக்கிட்டுப் போ."

"கீழ எறங்குறதே எனக்குப் பெரும்பாடு. நீ வேணா என்னைத் தூக்கிட்டுப் போ, வரேன்." வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தான். காப்பி கொடுத்தான், அது நல்ல காப்பி. இறங்கும்போதே அவள் அந்த வீட்டைத் தன் கணக்கிலிருந்து அடித்துவிட்டாள்.

இன்று வந்திருந்த கூட்டம் அவளுக்கே ஆச்சரியம். ஆனால் வானம் சதி செய்தது. இரவெல்லாம் உறைபனி, காலையில் சுள்ளென்று வெயில். மேப்பிள் மரத்தில் சாறு பிய்த்துக்கொண்டு இறங்கும் நாள். அவள் திரட்டியவர்களில் பாதிப் பேர் அந்தச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறவர்கள், அவர்களுக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை.

"டார்லீன், வாளியெல்லாம் வழிஞ்சு தரையில ஓடிக்கிட்டிருக்கும் இந்நேரம்," என்றார் எமரி என்ற கிழவர். "உனக்காகத்தான் உக்காந்திருக்கேன். மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான், சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள முடிஞ்சிரும். உங்க சக்கரைப் பாகு எங்கயும் போயிடாது."

"போயிடும்மா. அதான் வெனை."

ஆம்புலன்ஸ் விஷயம் பதினொரு மணி வாக்கில் வந்தது. ஊர்க்குழுத் தலைவர் ஸ்டூவர்ட் பெல்கி எழுந்து, ஆம்புலன்ஸுக்கு ஒதுக்கும் தொகையைப் பாதியாகக் குறைக்கலாம் என்று முதலில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பொல்லாத ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதையும், வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்பதையும் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அட்டைகளை எண்ணினார்கள். திருத்தம் நான்கு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. டார்லீனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த கேரி அவள் முழங்காலைத் தட்டினார்.

அவைத்தலைவி கான்ஸ்டன்ஸ், ஆம்புலன்ஸுக்கு முழுத் தொகையும் ஒதுக்கும் மூல தீர்மானத்தை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் கூடத்தின் மூன்று மூலைகளில் மூன்று ரேடியோக்கள் ஒன்றாக அலறின.

டெஸ், ஹாலிஸ், கெல்வின். இன்று ஆம்புலன்ஸ் முறை அவர்களுடையது. மூவரும் எழுந்துவிட்டார்கள். ரேடியோவில் வந்த குரல் எல்லாருக்கும் கேட்டது. பைக் ஹில், பட்டறைக்கு மேல் அறை, ஆணுக்கு மூச்சுத் திணறல், அவரே அழைத்திருக்கிறார்.

"அது மெர்ல்," என்றது யாரோ.

கான்ஸ்டன்ஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஆம்புலன்ஸ்காரங்க இல்லாம ஆம்புலன்ஸ் பத்தி ஓட்டெடுக்கறது நல்லா இல்ல. அடுத்த விஷயத்தை முன்னால எடுத்துக்கலாமா? அவங்க வந்தப்புறம் இதுக்கு வரலாம்."

"எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார் ஸ்டூவர்ட். எல்லாரும் டார்லீனைப் பார்த்தார்கள்.

அவள் எமரியைப் பார்த்தாள். கிழவர் கோட்டை மடியில் எடுத்து வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே கோட்டை மடியில் வைத்திருந்தது. மெர்லை இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வண்டி திரும்பி வர மூன்று மணியாகும். அதற்குள் இந்த நாற்காலிகள் காலியாகிவிடும். ஸ்டூவர்ட்டின் ஆட்கள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், அவர்கள் சாயங்காலம் வரை இருப்பார்கள்.

"வேண்டாம்," என்றாள். "இப்பவே எடுத்துக்கலாம்."

டெஸ்ஸும் ஹாலிஸும் கதவைத் தாண்டிவிட்டார்கள். நான்கில் இரண்டு போயிற்று. கெல்வின் நடுவரிசையில் மாட்டிக்கொண்டு, முழங்கால்களையும் கம்பளி நூல் கூடைகளையும் தாண்டி, அவள் பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தான். அவன் போனால் மூன்று. மீதம் ஒன்று. அந்த ஒருவர் எந்த நிமிஷம் மனம் மாறுவாரோ, எழுந்து கழிவறைக்குப் போவாரோ? ஓட்டு சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகத்தான் கணக்கு. அவள் கை நீண்டு அவன் சட்டையைப் பிடித்தது.

"கெல்வின், ஓட்டுப் போட்டுட்டுப் போ."

"மிஸஸ் பெனாய்ட், அந்தப் படி..."

"ரெண்டு பேர் போயாச்சுல்ல? பத்து நிமிஷம்டா. நீ போயிட்டா, நாளைக்கு ஏறிப்போறதுக்கு வண்டியே இருக்காது. உக்காரு."

முப்பது வயது ஆண்பிள்ளை, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். பத்து வருஷம் அவள் பேருந்தில் அந்தக் குரலைக் கேட்டு உட்கார்ந்தவன். உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் படிகளை அவளுக்குத் தெரியும். இரண்டு பேரால் மெர்லை இறக்க முடியாது என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். அதோடு இன்னொன்றும் அவள் மனதில் ஓடியது, அதை நினைத்து அப்போதே அவளுக்குக் காது சுட்டது. மெர்ல் வாக்காளர் பட்டியலில் இல்லை.

கேரி எழுந்தார். நிதானமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு, தன் அட்டையை நாற்காலியில் வைத்தார்.

"எங்க போற?" அவள் பற்களுக்கிடையில் கேட்டாள்.

"பைக் ஹில்லுக்கு."

"உனக்குப் பைத்தியமா? டாக்டர் என்ன சொன்னாரு? பால் கேனையே தூக்கக் கூடாதுன்னாரு."

"மூணாவது ஆள் வேணும் டார்லீன்." கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். கோபமே இல்லை. "அன்னிக்கு நம்ம வீட்டுக்கும் மூணு பேர்தான் வந்தாங்க. இந்தக் கெல்வின்தான் என் தலைமாட்டுல நின்னான்."

கெல்வின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து கேரியின் பின்னால் ஓடியிருக்கலாம். ஆனால் ஓடினால் இன்னோர் ஓட்டு குறையும். இந்தக் கணக்கை மனம் தானாகவே போட்டது, அவளைக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக, அவர்களுடைய பிக்கப் வண்டி சேற்றில் ஒரு தரம் வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டு ரோட்டில் ஏறுவதைப் பார்த்தாள்.

விவாதம் சவ்வாக இழுத்தது. ஒருவர் ஆம்புலன்ஸின் டயர் விலையைக் கேட்டார். ஒருவர் தன் அப்பா காலத்தில் குதிரை வண்டியில் ஆஸ்பத்திரி போன கதையைச் சொன்னார், பாதிப் பேர் சிரித்தார்கள். டார்லீன் பேச வைத்திருந்த பேச்சைப் பேசினாள். நன்றாகவே பேசினாள். ஆபத்து வந்தால் ஓடிவருகிறவர்கள்தான் ஊர் என்றாள். அந்த வாக்கியத்தை ஜனவரியிலேயே யோசித்து வைத்திருந்தாள். சொல்லும்போது நாக்கு மரத்துப்போயிருந்தது. கைதட்டினார்கள், கெல்வின் தட்டவில்லை.

கடைசியில் அட்டைகளைத் தூக்கச் சொன்னார்கள். எண்ணுகிறவளாக அந்த வரிசைக்கு வந்தது ஃபிலிஸ், நூலகத்துக்காரி, டார்லீனின் நெடுநாள் தோழி. கேரியின் நாற்காலியில் கிடந்த அட்டையைப் பார்த்துக் குனிந்து கிசுகிசுத்தாள்.

"என்னடி, கேரி பாத்ரூம் போயிருக்காரா? சொல்லு, அவர் அட்டையையும் சேத்து எண்ணிக்கறேன்."

"இல்ல. போயிட்டாரு."

ஃபிலிஸ் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். முன்னால் தாள்களைக் கூட்டினார்கள், சரிபார்த்தார்கள், மறுபடி கூட்டினார்கள். கான்ஸ்டன்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"தீர்மானம் நிறைவேறியது. ஒரு ஓட்டு வித்தியாசத்தில்."

கூடம் அதிர்ந்தது. எமரி கோட்டை மேலே வீசினார். ஸ்டூவர்ட்கூட எழுந்து நின்று கைதட்டினார். டார்லீனை நாலு பேர் கட்டிப்பிடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் தலைக்குள் கணக்கு ஒருமுறை ஓடி முடிந்தது. டெஸ், ஹாலிஸ், கேரி. மூன்று பேர் போனார்கள், ஒன்று மிஞ்சியது. கெல்வினை விட்டிருந்தால் கேரி எழுந்திருக்க மாட்டார். அப்போதும் மூன்று பேர்தான் போயிருப்பார்கள். அப்போதும் இதே ஒரு ஓட்டில்தான் ஜெயித்திருப்பார்கள்.

கெல்வின் ஏற்கனவே வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் ரேடியோ கரகரத்தது. டெஸ்ஸின் குரல், மூச்சு வாங்கியபடி.

"கெல்வின், எங்கடா இருக்க? மெர்ல் எறங்கிட்டாரு, வண்டியில ஏத்தியாச்சு. ஹாலிஸ் அவரோட இருக்காரு. கேட்குதா? கேரி படியில உக்காந்துட்டாரு. கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாரு. வேகமா வா."

அவன் ஓடினான். டார்லீன் அவன் பின்னால் ஓடினாள், ஓடப் பார்த்தாள். நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் ஊரே நின்றுகொண்டிருந்தது. கைதட்டலில் ரேடியோ வேறு யாருக்கும் கேட்டிருக்கவில்லை. தங்களிடம்தான் வருகிறாள் என்று நினைத்தார்கள். சாதிச்சுட்ட டார்லீன் என்றார்கள், ஊரையே காப்பாத்திட்ட என்றார்கள், ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் ஒரு கையிலிருந்து தன் கையை உருவினாள், அடுத்தவர் பிடித்துக்கொண்டார், உருவினாள். கதவு இன்னும் ஆறேழு கைகளுக்கு அப்பால் இருந்தது.