ஹில்க்காவின் படகுக்குச் சுவிட்சுப் பலகை

ஆர்வோ வெளியே பார்த்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், படகுத்துறையில், அவன் மனைவி ஹில்க்கா, படகின் மரத்தில் தான் எழுதிய எழுத்துகளை மறுபடியும் துடைத்து அழித்துக்கொண்டிருந்தாள்.

நாளை யுஹன்னுஸ், நடுக்கோடைத் திருநாள். ஏரியில் பழைய படகுகளின் ஊர்வலம். கட்டியபோது இருந்தபடியே இருக்கிற படகைத்தான் சேர்ப்பார்கள். விழாக்காரர்கள் சும்மா எட்டிப் பார்க்கிற ஆட்களா, மூக்கை உள்ளே விட்டுப் பார்க்கிற ரகம். ஹில்க்கா கறுப்புப் பிளாஸ்டிக் சுவிட்சுகளைப் பிடுங்கினாள். மீன் காட்டும் கருவிக்காக ஆர்வோ போட்டிருந்த ஓட்டைகளை அடைத்தாள். வார்னிஷ் அடித்து மரத்தில் முகம் பார்க்கலாம் போலாக்கினாள். பாழாய்ப்போன அந்தப் பித்தளைச் சுவிட்சுப் பலகை மட்டும் இல்லை. இழுக்கிற குமிழ்களும், கீழே ஹார்ன், பம்ப், விளக்கு என்று செதுக்கிய எழுத்துகளுமாக எவ்வளவு அழகாக இருந்தது! அது இல்லாத இடத்தில்தான் அந்த எழுத்துகளைக் கையாலேயே எழுதி எழுதிப் பார்க்கிறாள்.

"கை தவறி ஏரியில விழுந்துடுச்சு" என்று ஆர்வோ சில வருஷங்களுக்கு முன்பு சொல்லியிருந்தான். பச்சைப் பொய். பக்கத்து வீட்டுத் தைஸ்தோவிடம் சீட்டாட்டத்தில் தோற்றிருந்தான். அது இப்போது தைஸ்தோவின் சானாவில், அதாவது நீராவிக் குளியலறையில், பேட்டரி விளக்குக்குச் சுவிட்சாகச் சுவரில் உட்கார்ந்திருந்தது.

ஹில்க்கா உள்ளே வந்தாள். விரலெல்லாம் கொப்புளம். "வேணாங்க, விட்டுடலாம். என் கையெழுத்துக்கு யாரும் ஏமாற மாட்டாங்க. நம்ம படகு வரலைன்னு சொல்லிடுறேன்."

ஆர்வோவால் தாங்க முடியவில்லை. பிளாஸ்டிக் சுவிட்சுகளை அள்ளிக்கொண்டு தைஸ்தோ வீட்டுக்கு ஓடினான்.

"சீட்டுல தோத்ததைத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்டா!" என்றான் தைஸ்தோ. "வெக்கமா இல்ல?"

"இருக்கு. எடுடா ஸ்குரூ டிரைவரை."

"ஒவ்வொரு தடவையும் பொம்பளைங்க குளிக்கப் போறதுக்கு முன்னாடி அதுமேல துண்டை மாட்டி, உன் மானத்தைக் காப்பாத்தினவன் நான். ஞாபகம் வச்சுக்க!"

பிளாஸ்டிக்கை அங்கே மாட்டிவிட்டு, பித்தளையைக் கழற்றிக்கொண்டு திரும்பினான். நீராவி பட்டுப் பட்டுப் பச்சை பூத்திருந்தது. ஹில்க்காவின் முன்னால் மேஜைமேல் வைத்தான்.

"ஏரியில விழல. சீட்டுல விட்டேன். திட்டு."

ஹில்க்கா திட்டவில்லை. சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஏங்க, சானாவுல துண்டு தொங்கினா மனுஷி எடுக்க மாட்டாளா? மொத வருஷமே எடுத்துத் துடைச்சுட்டேன். அன்னைலேர்ந்து ஹார்னை இழுத்துத்தான் அங்க விளக்குப் போடுறேன்."

ஆர்வோவுக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேவா விரலு புண்ணாக எழுதின? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே கொண்டுவந்திருப்பேனேடி!"

"அது தெரியாதா? கேட்டா கொண்டுவருவீங்க" என்றாள் ஹில்க்கா. "கேக்காம கொண்டுவருவீங்களான்னு பார்த்தேன்."

ஆர்வோ பித்தளை பாலீஷையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சையைத் தேய்க்க ஆரம்பித்தான்.