கோமதிசங்கரின் முகம்

இலத்தூர் செந்தில்வேல் ஒன்பதாம் வகுப்பு. இன்ஸ்டாகிராமில் அவன் வைத்திருந்த படம் அவனுடையது அல்ல. பிளஸ் ஒன் படிக்கும் பெரியம்மா மகன் கோமதிசங்கருடையது. தன் எடுப்புப் பல்லை நினைத்து அவனுக்கு வெட்கம். ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம் என்றிருந்தான். அந்த வாரத்தில்தான் குத்துக்கல்வலசை அபர்ணா பேச ஆரம்பித்தாள்.

அவளும் ஒன்பதாம் வகுப்பு. அப்பா ராணுவத்தில். அவர் போன் வராத நாட்களில் அம்மா சாப்பிடுவதில்லை என்பதை இவனிடம் மட்டும்தான் சொன்னாள். அவளைச் சிரிக்கவைக்க இவனுக்குத் தெரிந்திருந்தது. நாலு மாதத்தில் "பிடிச்சிருக்கு" என்று இருவருமே எழுதிவிட்டார்கள். வீடியோ கால் என்றால் மட்டும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தான்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. "ஞாயித்துக்கிழமை அம்மாகூட ஐந்தருவிக்கு வாரேன். தூரத்துல நின்னு பாத்தா போதும்" என்று அனுப்பினாள். ஊரில் இருக்க மாட்டேன் என்று பதில் போட்டான். ஆனால் அவளைப் பார்க்க ஆசை விடவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை கோமதிசங்கர் கூட்டாளிகளோடு ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்பியதும், அவ்வளவு கூட்டத்தில் அவன் அவள் கண்ணில் படமாட்டான் என்று இவனும் தொற்றிக்கொண்டான்.

பஜ்ஜிக் கடை முன்னால், ஈரத் தலையோடு அபர்ணா நேராகக் கோமதிசங்கரிடம் வந்தாள்.

"வரலன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"யாரு நீ? எனக்கு உன்னத் தெரியாதே."

"விளையாடாதீங்க. நான் அபர்ணா."

பையன்கள் சிரித்தார்கள். "என்னலே, எங்களுக்குத் தெரியாம ஆளு வச்சிருக்கியா?" என்றான் ஒருவன். பின்னாலேயே வந்த அவள் அம்மா, "யாருட்டி இது?" என்று கேட்டாள்.

செந்தில்வேல் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அபர்ணாவின் அம்மா அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு மகளை இழுத்துப் போனாள்.

திரும்பும் வழியில் கோமதிசங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவன் அடிக்கவில்லை. "அங்கனயே சொல்லியிருக்கணும்லே. எங்கிட்ட இப்பச் சொல்லி என்ன செய்ய?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அபர்ணாவுக்கு உண்மையை எழுதினான். பதில் இல்லை. இரண்டு நாளில் அவள் கணக்கே காணாமல் போனது.

சனிக்கிழமை டியூஷனுக்கு அவள் பஸ் ஏறும் நிறுத்தம், முன்பு அவளே சொல்லி அவனுக்குத் தெரியும். மூன்றாவது சனிக்கிழமைதான் பார்க்க முடிந்தது. அவள் அம்மா சற்றுத் தள்ளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அபர்ணா, நான் செந்தில்வேல். உங்கிட்டப் பேசினது நான்தான். தப்பு எம்மேலதான்."

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீயும் அங்கன நின்னியா?"

"நின்னேன்."

"எல்லாரும் சிரிக்கையில?"

ஆமென்று தலையசைத்தான். பஸ் வந்தது. அவள் அம்மாவைக் கூப்பிட்டாள், இருவரும் ஏறினார்கள். அதன்பிறகு அந்த நிறுத்தத்துக்கு அவன் போகவில்லை.