பெரட்டுக்கு வந்த கீழ் லயம்

தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஷம்ரா டீச்சர் சறுக்கிக்கொண்டே இறங்கினாள். ஒரு செருப்பு மேலேயே போய்விட்டது. போகட்டும்! மேல் பாதையில் அவள் தாண்டி வந்த வெடிப்பில் காலே புதைந்துவிடும் போலிருந்தது. ஊற்றுப் பீலியில் தண்ணீருக்குப் பதில் சேறு கொட்டியது. மடுல்சீமையில் மழை விட்டபாடில்லை. மலை சரிந்தால் முதலில் மண்ணுக்குள் போவது கீழ் லயம்தான். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசை அறைகளில் பன்னிரண்டு தொழிலாளர் குடும்பங்கள்.

“வெளிய வாங்க! எல்லாரும் எவக்குவேட் பண்ணுங்க! மலை வெடிச்சிருக்கு!”

ஒரு கதவு திறந்தது. ரொட்டி மாவு ஒட்டிய கையோடு தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“எவக்குவேட்டா? ஆள விடுங்க டீச்சர். போன தடவ போயி ஸ்கூல் தரையில கெடந்தோம். திரும்பி வந்தா கோழியையும் காணோம், காஸ் சிலிண்டரையும் காணோம்.”

“அதுக்கு முந்தின தடவ மூணு வேளையும் பருப்பும் பாணும்!” பக்கத்துக் காம்பராவிலிருந்து சுரேஸ் குரல் கொடுத்தான். “இந்தத் தடவ என்னா டீச்சர், புரியாணியா?”

லயமே சிரித்தது. கதவு சாத்திக்கொண்டது.

எவக்குவேட் என்றால் ஆபத்திலிருந்து ஆட்களை அப்புறப்படுத்துவது என்று ஷம்ரா படித்த அகராதி சொல்லும். இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் பள்ளிக்கூடத் தரையும், களவுபோன கோழியும், கடைசிவரை சரியாத மலையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஒலிபெருக்கியில் கத்திக் கத்தியே அதன் உயிரை எடுத்துவிட்டார்கள். கேட்டதும் ஓடி வருகிற மாதிரி வேறு சொல் வேண்டும். இப்போதே வேண்டும்!

கிடைத்தது. மறுபக்க மேட்டுக்கு ஓடினாள்.

பதுளை பஸாரில் வளர்ந்தவளுக்குப் பரேட் என்றால் விளையாட்டுப் போட்டியன்று பேண்ட் முழங்க நடப்பது. இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் பிள்ளைகள், ‘அம்மா பெரட்டுக்குப் போயிருச்சு’ என்றபோது திருதிருவென்று விழித்தாள். அப்புறம்தான் புரிந்தது, இரண்டும் ஒன்று. வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்த பட்டாளத்துப் பரேட், தோட்டத்து நாக்கில் உருண்டு பெரட்டாகிவிட்டது. காலையில் வரிசையில் நிறுத்தி, ஆள் பார்த்து, வேலை பிரிப்பார்கள். பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பிவிடும் சொல் அது.

பெரட்டுக் களத்து ஓரத்திலேயே வீரய்யா கங்காணியின் வீடு.

“கங்காணி ஐயா, பெரட்டுக்குக் கூப்பிடுங்க!”

“ஞாயித்துக்கெழம பெரட்டா? டீச்சருக்கு என்னா ஆச்சு?”

“கீழ் லயத்துக்கு மேல மலை வெடிச்சிருக்கு. நான் சொன்னா சிரிக்கிறாங்க.”

அவர் முகம் மாறியது. “பெரட்டுன்னா வேல செய்றவங்க மட்டுந்தான் வருவாங்க. புள்ளைங்க? கால் ஒடஞ்சு கெடக்குற இராமையா?”

“கட்டிக் குடுக்கப் போற புது வீட்டுக்குப் பேர் பதியிற பெரட்டுன்னு சொல்லுங்க. குடும்பத்தோட நிக்கணும், ஒரு ஆள் கொறஞ்சாலும் பேர் வெட்டுன்னு சொல்லுங்க!”

“வீட்டுப் பேரா?” வீரய்யா தயங்கினார். “அத மட்டும் வேணாங்க டீச்சர்.”

“ஏன், வரமாட்டாங்களா?”

“எல்லாரும் வருவாங்க. அதுதான் பயம்.”

“ஐயா, பேசிட்டு நிக்க நேரமில்ல!”

வீரய்யா களத்தில் தொங்கிய இரும்பை ஓங்கி அடித்தார். “பெரட்டு! பெரட்டோய்! கீழ் லயம் புது வீட்டுப் பேர் பெரட்டு! குடும்பத்தோட வா!”

கதவுகள் படார் படாரென்று திறந்தன. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நாலு பேர் இராமையாவை நாற்காலியோடு சுமந்து வந்தார்கள். சுரேஸின் கையில் தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. தனலெட்சுமியிடம் விறகுக் கட்டை. ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. ஷம்ராவுக்கு அது விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள நேரமுமில்லை. வாய் ஒவ்வொரு குடும்பமாக எண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்று... பன்னிரண்டாவது எங்கே? யா அல்லாஹ்! வந்துவிட்டது. கடைசியாக ஒரு தாய், ஈரத் துணியில் சுற்றிய கைக்குழந்தையோடு.

“எங்க அவனுங்க?” சுரேஸ் கத்தியை ஆட்டினான். “வெளிய வரச் சொல்லுங்க!”

ஷம்ரா பதில் சொல்வதற்குள் எதிர்மலை முனகியது. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே, வரிசை கலையாமல், கீழே நகர்ந்தன. தகரக் கூரை ஒருமுறை நிமிர்ந்து மடங்கியது. பிறகு அங்கே சிவந்த மண்தான் இருந்தது.

ஒருவரும் அழவில்லை. இராமையா மட்டும் நாற்காலியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தார்.

ஷம்ரா தனலெட்சுமியின் தோளைத் தொட்டாள். “மன்னிச்சிடுங்க. பேர் பதிய யாரும் வரல்ல. நீங்க வரணும்னுதான் பொய் சொன்னேன்.”

தனலெட்சுமியின் கையிலிருந்து விறகு நழுவியது.

“நாங்க பேர் பதிய வரல டீச்சர். அவங்க திரும்பி வந்துட்டாங்கன்னு நெனச்சு, சண்ட போடத்தான் வந்தோம்.”

“யாரு?”

“வீட்டுக்குப் பேர் பதியிறவங்க. நீங்க பதுளைக்குப் போயிருந்தீங்க. நேத்தே வந்து, மேல் லயத்துக்காரங்கள மட்டும் பதிஞ்சிட்டுப் போயிட்டாங்க. எங்களுக்கு ஏன் இல்லன்னு கேட்டோம். கீழ் லயம் இன்னும் உறுதியாத்தான் இருக்குன்னாங்க.”